வெல்டிங் ‘பாஸ்’ ஆனது என்றால் என்ன அர்த்தம்?

பிரான்சில் நார்மண்டி கடலோரத்தில் பென்லி என்று ஓர் அணுமின் நிலையம் இருக்கிறது. அதன் முதலாம் உலைக்கு ஆபத்து வந்தால் அவசரமாகத் தண்ணீர் செலுத்துவதற்கென்று ஒரு குழாய்த்தொடர் உண்டு. அதில் ஒரு வெல்டின் ஓரத்தில் விரிசல் கண்டிருப்பதாக 2023 மார்ச்சில் அந்நாட்டு அணுப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. குழாயின் சுவர்க்கனம் 27 மில்லிமீட்டர். விரிசலின் ஆழம் 23. நீளம் 155 மில்லிமீட்டர், அதாவது குழாயின் சுற்றளவில் ஏறக்குறைய கால்வாசி. ஆழமான இடத்தில் மிச்சம் இருந்தது நாலு மில்லி எஃகு.

அந்த உலை 1990ல் மின்சாரம் தரத் தொடங்கியது. கட்டிய காலத்திலேயே அந்த ஜாயிண்ட்டை இரண்டு முறை ரிப்பேர் செய்திருக்கிறார்கள். இரண்டாவது ரிப்பேருக்கு அப்புறம் அது ‘பாஸ்’ ஆகி, காப்பு உறைக்குள் போய்விட்டது. போதாததற்கு, அந்தக் குழாயின் அமைப்பைப் பார்த்து ‘இங்கே இந்த மாதிரி விரிசல் வர வாய்ப்பு குறைவு’ என்று நிர்வாகம் கணக்குப் போட்டிருந்தது. வந்தது.

குழாய் வேலை நடக்கும் எந்த சைட்டிலும் ‘பாஸ்’ என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் கிடையாது. அது வந்தால்தான் பில் நகரும், ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) லைன் போகும், வெல்டருக்குத் திட்டு விழாது. ஆனால் அந்தச் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. ஒவ்வொரு சோதனையும் வெல்டிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறது. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது. பென்லியில் நடந்ததும் அதுதான். அதைப் புரிந்துகொள்ள, சைட்டில் என்னென்ன சோதனை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

பலருக்கு வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எக்ஸ்ரே ஞாபகம்தான் வரும். உண்மையில் ஒரு ஜாயிண்ட்டின் தலைவிதி பாதிக்கு மேல் ஃபிட்-அப்பிலேயே, அதாவது வெல்டுக்கு முன் முனைகளைப் பொருத்தி நிறுத்தும்போதே, எழுதப்பட்டுவிடுகிறது. இரண்டு குழாய் முனைகளையும் சாய்வாகச் சீவியிருக்கிறார்களா, நடுவில் வெல்டின் அடிப்பகுதியான ரூட்டுக்கு விட்ட இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா, ஒரு முனை மற்றதைவிட ஏறி நிற்கிறதா, வெல்டிங் ராடு உலர்ந்ததா, ஸ்டெயின்லெஸ் குழாய் என்றால் உள்ளே ஆர்கான் நிறைந்திருக்கிறதா? இதையெல்லாம் ஒரு டார்ச்சும் ஒரு கேஜும் வைத்துக்கொண்டு பார்த்துவிடலாம். ஈரம் ஆகாத 7018 ரக ராடை ஓவனிலிருந்து எடுத்து மழைக்காற்றில் வைத்துவிட்டு, மறுநாள் அதையே எரித்து, அதற்கு மறுநாள் எக்ஸ்ரேயில் என்ன வருகிறது என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. கண் பார்வைச் சோதனைக்கும் விதி உண்டு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் நெறிமுறைப்படி கண்ணுக்கும் வெல்டுக்கும் 600 மில்லிமீட்டருக்குள் தூரம் இருக்க வேண்டும், பார்க்கும் கோணம் 30 டிகிரிக்குக் குறையக்கூடாது, வெளிச்சம் குறைந்தது 1000 லக்ஸ். குழாய்களைத் தாங்கும் பைப் ரேக்கின் அடிவயிற்றில் அந்தி நேரத்தில் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு ‘விஷுவல் ஓகே’ என்று எழுதியவர்களுக்கு இந்த விதி தெரிந்திருந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மேற்பரப்பு விரிசலுக்கு டிபி டெஸ்ட். சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால், விரிசலுக்குள் போன சாயம் கசிந்து சிவப்புக் கோடாக வெளியே வரும். எளிமையான சங்கதி. நம் ஊர்ப் பட்டறைகளில் டேங்க் வெல்டிங்கின் ஒரு பக்கம் மண்ணெண்ணெய் தடவி, மறுபக்கம் சுண்ணாம்பு பூசிக் கசிவு பார்ப்பார்களே, கிட்டத்தட்ட அதே தத்துவம். ரயில் அச்சுகளில் விரிசல் கண்டுபிடிக்க எண்ணெயும் சுண்ணாம்பும் பூசிய பழைய வழக்கத்திலிருந்துதான் இன்றைய டிபி வளர்ந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான சாயங்கள் 5 முதல் 52 டிகிரி செல்சியஸ் வரையிலான மேற்பரப்புக்குத்தான். வளைகுடாவில் ஜூலை மதியம் வெயிலில் கிடக்கும் குழாயின் மேல் கை வைத்தவர்களுக்கு 52 டிகிரி எவ்வளவு எளிதில் தாண்டும் என்று தெரியும். சாயம் உள்ளே இறங்குவதற்கு முன்பே காய்ந்துவிடும். அப்புறம் எல்லா ஜாயிண்ட்டும் சுத்தமாகத்தான் தெரியும்.

காந்தம் ஒட்டும் இரும்பு என்றால் எம்பிஐ என்ற காந்தத்துகள் சோதனை இன்னும் நல்லது. யோக் என்ற மின்காந்தத்தை வெல்டின் இரு பக்கமும் ஊன்றி, இரும்புத் துகளைத் தூவினால், விரிசல் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் வெளியே கசிந்து துகள்களைக் கோடாக இழுத்துப் பிடிக்கும். யோக்கை ஒரு திசையில் வைத்தால் அதற்குக் குறுக்கான விரிசல்தான் தெரியும். அதனால் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஒரு திசையில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு.

அடுத்தது ராத்திரி ஷூட்டிங், அதாவது சைட்டில் எக்ஸ்ரே என்றே சொல்லும் காமா கதிர்ப் படம்.

மற்ற ஆட்கள் எல்லாரும் வெளியேறிய பிறகு, கயிறு கட்டி, சிவப்பு விளக்கு வைத்து, கதிரியக்க இரிடியம்-192 இருக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கேமரா என்பது பேச்சுவழக்குதான். அது உண்மையில் யுரேனியமோ ஈயமோ கவசமாக இருக்கும் கனமான பெட்டி. கிராங்க்கைச் சுற்றினால் அதற்குள்ளிருக்கும் சின்ன இரிடியம் துண்டு, அதாவது சோர்ஸ், கேபிள் வழியாக வெளியே வந்து குழாயின் பக்கத்தில் நிற்கும். எதிர்ப்பக்கம் வெல்டைச் சுற்றி ஃபிலிம். காமா கதிர் எஃகைத் துளைத்துப் போய் ஃபிலிமைக் கறுப்பாக்கும். எஃகு குறைவாக இருக்கும் இடத்தில் கதிர் அதிகம் போகும், அங்கே இன்னும் கறுப்பு. காற்றுக்குமிழ் கறுப்புப் புள்ளியாக வரும், ஸ்லாக் என்ற வெல்டிங் கசடு கறுப்புக் கோடாக வரும். டிக் வெல்டிங்கில் ஊசிமுனை உடைந்து உள்ளே போயிருந்தால், டங்ஸ்டன் எஃகைவிட அடர்த்தி என்பதால் அது மட்டும் வெள்ளைப் புள்ளி.

மூன்றரை அங்குலம் வரையிலான சிறிய குழாய்களில் சோர்ஸைச் சற்றுத் தள்ளிச் சாய்வாக வைத்து, வெல்டின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே ஃபிலிமில் நீள்வட்டமாக விழும்படி எடுப்பார்கள். 90 டிகிரி திருப்பி இன்னொரு ஷாட். பெரிய குழாய் என்றால் சோர்ஸ் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரை மட்டும் படமெடுப்பது வழக்கம், சுற்றிவர மூன்று ஷாட்டாவது வேண்டும். சோர்ஸை உள்ளே நடுமையத்துக்கே கொண்டுபோக முடிந்தால் ஒரே ஷாட்டில் முழு வட்டமும் கிடைத்துவிடும். இரிடியத்தின் அரை ஆயுள் சுமார் 74 நாள். இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை ஷாட் நேரம் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். சோர்ஸ் கிழடு தட்டிய காலத்தில் ஒரு ராத்திரிக்குள் முடியவேண்டிய ஜாயிண்ட் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை. அந்த நெருக்கடியில் வேகமான, மணல்மணலான ஃபிலிமுக்கு மாறுகிறார்கள், சோர்ஸைக் கிட்டே நகர்த்துகிறார்கள். படம் வருகிறது, ஆனால் ஓரம் மங்கிப் போகிறது. படத்தின் தரத்தைக் காட்டிக்கொடுக்கத்தான் வெல்டின் மேல் மெல்லிய கம்பிகள் வைத்த ஐக்யூஐ இருக்கிறது. குறிப்பிட்ட கம்பி ஃபிலிமில் தெரியாவிட்டால் அந்தப் படமே செல்லாது. ஃபிலிமின் கறுப்புக்கும் அளவு உண்டு. காமா படத்துக்கு டென்சிட்டி 2க்குக் குறையக்கூடாது, 4ஐத் தாண்டக்கூடாது. 2 என்றால் ஃபிலிமைப் பின்னொளியில் பார்க்கும் வியூவரின் வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்குதான் ஃபிலிமைக் கடந்து வரும். 4 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. அதனால்தான் ஃபிலிம் படிக்கிறவர் இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

சரி, இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம் எதைக் காட்டாது?

12 மில்லி சுவரில் 2 மில்லி குமிழ் இருந்தால், அந்த இடத்தில் கதிர் 10 மில்லி எஃகைத்தான் கடக்கிறது. வித்தியாசம் பளிச்சென்று விழும். இப்போது வெல்ட் உலோகம் குழாயின் சாய்ந்த பக்கவாட்டில் உருகி ஒட்டாமல் விட்டுப்போன இடத்தை எண்ணிப் பாருங்கள், லேக் ஆஃப் ஃப்யூஷன் என்கிறோமே அதை. அது ஒரு மெல்லிய தாள் நுழையாத இடுக்கு. குழாய் முனையைச் சீவிய அதே சாய்வில், வழக்கமாக 37.5 டிகிரியில், படுத்துக் கிடக்கும். கதிர் நேர்செங்குத்தாக வருகிறது. இடுக்கின் வழியாக அது கடக்கும் வெற்றிடம் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. ஃபிலிமில் எதுவும் தெரியாது. விரிசலும் அப்படித்தான், கதிரின் திசையிலேயே நின்றால் தெரியும், சாய்ந்தால் மறைந்துவிடும்.

இதிலுள்ள முரணைப் பாருங்கள். ஆலைக் குழாய்களுக்கான ஏஎஸ்எம்இ பி31.3 விதியில் குமிழுக்கும் ஸ்லாக்குக்கும் ஓரளவு சலுகை உண்டு, இத்தனை நீளம் வரை இருக்கலாம், இத்தனை அகலம் வரை இருக்கலாம் என்று. விரிசலுக்கும் ஒட்டாத இடத்துக்கும் சலுகையே கிடையாது. எக்ஸ்ரேயோ, விதி மன்னிக்கிற குறையை அழகாகக் காட்டுகிறது, மன்னிக்காத குறையில் தடுமாறுகிறது. இருந்தும் ஐம்பது அறுபது ஆண்டுகளாக அதுவே ராஜா. ஏன்? ஃபிலிம் ஒரு சாட்சி. பெட்டியில் போட்டு வைக்கலாம், பத்து வருடம் கழித்து வேறொருவர் எடுத்துப் பார்க்கலாம், வழக்கு வந்தால் காட்டலாம். இந்த அனுகூலம் சாதாரணமானதல்ல என்பதை நானும் ஒப்புக்கொள்வேன்.

அந்தத் தட்டையான குறைகளைப் பிடிக்க யூடி, அதாவது அல்ட்ராசானிக் சோதனை, வேண்டும். ப்ரோப் என்ற சிறு கருவியிலிருந்து 45, 60 அல்லது 70 டிகிரி சாய்வில் ஒலி அலை எஃகுக்குள் போகும், எதிரே ஒட்டாத முகம் இருந்தால் மோதித் திரும்பும். எஃகில் இந்தக் குறுக்கலையின் வேகம் விநாடிக்கு சுமார் 3,240 மீட்டர், 4 மெகாஹெர்ட்ஸ் ப்ரோப் என்றால் அலைநீளம் 0.8 மில்லிமீட்டர். திரும்பிவர எடுத்த நேரத்தை வைத்துக் குறை எந்த ஆழத்தில் என்று கணக்கிடுகிறார்கள். கதிர்வீச்சு இல்லை, பக்கத்தில் ஆட்கள் பகலிலேயே வேலை செய்யலாம். பல கோணங்களை ஒரே ப்ரோபில் வீசும் ஃபேஸ்டு அர்ரே முறையும், 1970களில் பிரிட்டனின் ஹார்வெல் ஆய்வுக்கூடத்தில் உருவான டோஃப்டு முறையும் வந்தபின், திரையில் தெரிவதைப் பதிவு செய்து வைக்கவும் முடிகிறது. எக்ஸ்ரேயின் ஒரே பெரிய அனுகூலம் அதோடு போயிற்று.

ஆனால் யூடிக்கும் ஒரு பலவீனம் உண்டு, அங்கேதான் பிரான்சின் கதை மீண்டும் வருகிறது. சாதா கார்பன் ஸ்டீலில் அலை நேராகப் போகும். ஸ்டெயின்லெஸ் வெல்டில் உலோகம் உறையும்போது படிகங்கள் நீளநீளமான தூண்களாக வளர்ந்துவிடுகின்றன. அலை அங்கே வளைகிறது, சிதறுகிறது, இரைச்சலாகத் திரும்புகிறது. வெல்டின் ரூட் உள்ளே புடைத்திருந்தால் அதுவும் எதிரொலிக்கும். குழாயின் உட்புறத்தை அளவுக்குச் சீராகக் கடைந்திருந்தால் அந்த விளிம்பும் எதிரொலிக்கும். இவ்வளவு எதிரொலிகளுக்கு நடுவில் எது குறை, எது வெறும் வடிவம் என்று ஒரு மனிதர் தீர்மானிக்க வேண்டும்.

2021ன் இறுதியில், பிரான்சின் சிவோ நிலையத்தில் முதலாம் உலையின் பத்தாண்டுப் பரிசோதனை. அவசரக் குளிர்நீர்க் குழாயின் வளைவுகளுக்குப் பக்கத்து வெல்டுகளில் யூடி போட்டார்கள். அந்தச் சோதனை வடிவமைக்கப்பட்டது சூடும் குளிரும் மாறிமாறி வருவதால் ஏற்படும் களைப்பு விரிசலைத் தேடுவதற்கு. எதிரொலி கிடைத்தது. துண்டை வெட்டி ஆய்வகத்தில் அறுத்துப் பார்த்தால், வேறு ரகம்: இழுவிசையும் நீரின் வேதியியலும் சேர்ந்து உருவாக்கும் ஸ்ட்ரெஸ் கரோஷன் விரிசல். இந்த எஃகில், இந்த நீரில் அது வராது என்றே அதுவரை நம்பியிருந்தார்கள். அதன்பின் மற்ற உலைகளில் பல வருடங்களுக்கு முன் எடுத்த யூடி பதிவுகளை எல்லாம் மறுபடி எடுத்துப் படித்தார்கள். முன்பு ஒன்றுமில்லை என்று ஒதுக்கிய சில கோடுகள் இப்போது சந்தேகத்துக்குரியவையாகத் தெரிந்தன. 2022ன் வசந்தத்தில் இந்தக் காரணத்துக்காக மட்டும் 12 உலைகள் நின்றிருந்தன. வேறு பராமரிப்புகளும் சேர்ந்துகொள்ள, அந்த வருடம் பிரான்சின் அணுமின் உற்பத்தி 279 டெராவாட் மணி, முப்பது வருடங்களில் காணாத சரிவு. உக்ரைன் போரால் ஐரோப்பா எரிவாயுவுக்குத் திண்டாடிய அதே வருடம். ஒரு அங்குலம் கனமுள்ள குழாயின் வெல்டு ஒரு கண்டத்தின் மின்கட்டணத்தைத் தொட்டது என்று சொன்னால் மிகையில்லை.

அப்புறம் அவர்கள் இந்த ரக விரிசலுக்கென்றே மேம்படுத்திய யூடி முறையை உருவாக்கினார்கள். பழைய கருவி கெட்ட கருவி என்று இதற்கு அர்த்தமில்லை. அதனிடம் கேட்ட கேள்வி வேறு, அவ்வளவுதான்.

பென்லிக்கு வருவோம். அங்கே இரண்டு ரிப்பேர் ஏன் முக்கியம்? வெல்ட் ஆறும்போது சுருங்குகிறது. சுற்றியுள்ள குழாய் சுருங்க விடுவதில்லை. அந்த இழுபறி எஃகுக்குள்ளேயே தங்கிவிடும். ஒரு இடத்தை மட்டும் கிரைண்டரால் தோண்டி மறுபடி நிரப்பினால், சுற்றிலும் இறுகிப்போன உலோகத்தின் நடுவே புது உலோகம் சுருங்கும், இழுவிசை இன்னும் ஏறும். ரூட் ஓரத்தில் எஃகு கடினப்பட்டும் போகும். இரண்டு முறை செய்தால் கேட்கவே வேண்டாம். இந்த இழுவிசைக்கு நிழல் கிடையாது, எதிரொலி கிடையாது, சாயமும் ஏறாது. ரிப்பேரான வெல்டை எக்ஸ்ரே எடுத்தால் முன்னைவிடச் சுத்தமாகவே தெரியும். சோதனை குறையைக் கண்டது, ரிப்பேர் குறையை நீக்கியது, ரிப்பேரே வேறொரு விதையைப் போட்டது. ஒரே ஜாயிண்ட்டை எத்தனை முறை ரிப்பேர் செய்யலாம் என்று நல்ல ஒப்பந்தங்களில் வரம்பு வைத்திருப்பார்கள், பெரும்பாலும் இரண்டு. மூன்றாவது என்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடு என்பார்கள். சைட்டில் அந்த விதியைச் சபிக்காத ஃபோர்மேனை நான் பார்த்ததில்லை.

நேரமும் ஒரு விஷயம். ராடின் ஈரத்திலிருந்து வந்த ஹைட்ரஜன் வெல்டுக்குள் மெதுவாக நகர்ந்து, ஆறி ஒன்றிரண்டு நாள் கழித்தும் விரிசலைத் திறக்கும். அதனால் உறுதியான எஃகுகளில் 24 அல்லது 48 மணி நேரம் காத்திருந்துதான் கடைசிச் சோதனை செய்யச் சொல்வார்கள். மாலையில் முடித்த வெல்டை அன்றிரவே ஷூட் செய்து ‘பாஸ்’ வாங்கினால், மறுநாள் பிறக்கப்போகும் விரிசலுக்கு முன்கூட்டியே நற்சான்றிதழ் கொடுத்த மாதிரி. அனல்மின் நிலையங்களின் நீராவிக் குழாய்களில் ஓடும் பி91 ரக எஃகில் இன்னும் நீண்ட கதை. வெல்டை ஒட்டி வெப்பத்தால் நுண்மணியாகிப்போன ஒரு மெல்லிய பட்டை, ஆண்டுக்கணக்கில் சூட்டில் இழுபட்டு, உள்ளே நுண்துளைகள் சேர்ந்து விரிசலாகும். புதிதாகப் போட்ட அன்று எந்தச் சோதனையிலும் அது தெரியாது, ஏனென்றால் அன்று அது இல்லவே இல்லை. அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களில் மேற்பரப்பைப் பளபளப்பாக்கி, பிளாஸ்டிக் படலத்தில் அதன் அச்சை எடுத்து, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

இதுவரை சொன்னது சோதித்த ஜாயிண்ட்டைப் பற்றி. பெரும்பாலான ஜாயிண்ட்களைச் சோதிப்பதே இல்லை என்பது வெளியாட்களுக்குத் தெரியாத சங்கதி. பி31.3ன்படி, வழக்கமான திரவங்கள் ஓடும் லைன்களில் சுற்று வெல்டுகளில் குறைந்தது 5 சதவீதத்தை எக்ஸ்ரேயோ யூடியோ பார்த்தால் போதும். அந்த ஐந்தில் ஒவ்வொரு வெல்டரின் வேலையும் வரவேண்டும். ஒன்று ஃபெயில் ஆனால் அதே வெல்டரின் இன்னும் இரண்டு. அவற்றிலும் ஃபெயில் என்றால் ஒவ்வொன்றுக்கும் மேலும் இரண்டு. அதிலும் ஃபெயில் என்றால் அவர் போட்ட அந்தத் தொகுதி முழுவதையும் பார்க்கவோ மாற்றவோ வேண்டும். காகிதத்தில் அழகான வலை. கணக்கு என்ன சொல்கிறது? நூறு ஜாயிண்ட்டில் பத்து கெட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், அந்த ஐந்தில் கெட்டது ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு 58 சதவீதம். பத்து சதவீதம் கெட்ட வேலை பாதிக்கு மேற்பட்ட தடவை தப்பிவிடும். அதுவும் கண்ணை மூடி எடுத்தால்தான். எந்த ஜாயிண்ட்டை ஷூட் பண்ணுவது என்பதை உரிமையாளர் தரப்பு இன்ஸ்பெக்டர் தேர்ந்தெடுப்பதுதான் நியாயம். நடைமுறையில் காண்ட்ராக்டரின் ஆள் ஒரு பட்டியலை நீட்டுவார். அதில் ஷாப்பில் ரோலரில் உருட்டி, உட்கார்ந்தபடி போட்ட ஜாயிண்ட்கள் நிறைய இருக்கும். பைப் ரேக்கில் கண்ணாடி வைத்துப் பின்பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரு கையால் தொங்கியபடி போட்ட ஜாயிண்ட் இருக்காது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர் ஒருவர் பட்டியலை வாங்கவே மாட்டார். லைனோடு நடந்து போவார், ஏற முடியாத இடமாகப் பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வருவார்.

பட்டியலைவிட மோசமானது பொய் ஃபிலிம். நல்ல ஜாயிண்ட் ஒன்றையே நம்பர் மாற்றி மாற்றி எடுத்தால் பத்து ஜாயிண்ட்டுக்கு ‘பாஸ்’ தயார். இது எங்கோ ஒரு மூலையில் மட்டும் நடக்கிற சில்லறைத் தில்லுமுல்லு இல்லை. அலாஸ்கா எண்ணெய்க் குழாய், 48 அங்குல விட்டம், 800 மைல் நீளம். 1975ல் போட்ட வெல்டுகளின் ஃபிலிம்களை மறுவருடம் தணிக்கை செய்தபோது ஏறத்தாழ 4,000 ஜாயிண்ட்களின் பதிவு சந்தேகத்துக்கு இடமாயிற்று. சிலவற்றுக்கு ஃபிலிமே இல்லை, சில படம் தரமில்லை, சில போலி. அமெரிக்க அரசே தலையிட்டது. ஏற்கெனவே புதைத்த குழாயைப் பல இடங்களில் தோண்டி மறுபடி எடுத்தார்கள். ஆற்றுக்கடியில் போன சிலவற்றுக்கு மட்டும் விலக்கு தந்தார்கள். போலியைக் கண்டுபிடிப்பது கூர்ந்த கண்ணுக்குச் சுலபம்தான். வெல்டின் மேல் அடுக்கில் படியும் அலைகள் கைரேகை மாதிரி, இரண்டு ஜாயிண்ட்டுக்கு ஒன்றுபோல் வராது. இரண்டு ஃபிலிமை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வியூவரில் பிடித்தால் போதும். ஆனால் யார் வைத்துப் பார்க்கிறார்கள்?

படிப்பவரின் திறமையும் ஏறியிறங்கும். ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் முன்னின்று 1970களில் தொடங்கிய பிஸ்க் என்ற கூட்டுச் சோதனையில், உள்ளே குறை இருக்கும் கனத்த எஃகுத் தகடுகளைப் பல நாட்டுக் குழுக்களிடம் கொடுத்து, எங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அன்றைய வழக்கமான யூடி நடைமுறையில் பெரிய குறைகளையே தவறவிட்டவர்கள் இருந்தார்கள். சான்றிதழ் வைத்திருப்பது ஒன்று, உண்மையான குறை கொண்ட மாதிரியில் கண்டுபிடித்துக் காட்டுவது வேறு என்ற எண்ணம் அதற்குப் பின்தான் வலுப்பெற்று, அணுமின் துறையில் விதியாகவும் ஆயிற்று. மற்ற ஆலைகளில் இன்னும் சோதனையாளருக்கான லெவல்-2 சான்றிதழோடு நின்றுகொண்டிருக்கிறோம்.

திருச்சி பக்கம் திருவெறும்பூரில் பெல் பாய்லர் ஆலை 1965ல் உற்பத்தியைத் தொடங்கியது, வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் 1975ல் வந்தது. அதைச் சுற்றி முளைத்த பட்டறைகளிலிருந்து எத்தனையோ வெல்டர்களும், வெட்டிப் பார்க்காமல் சோதிக்கும் என்டிடி ஆட்களும் வளைகுடாவுக்குப் போயிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்த ஜாயிண்ட் அதிகம் ஒழுகும் என்று. 24 அங்குல மெயின் லைன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதிலிருந்து கிளைத்து பிரஷர் கேஜுக்கோ டிரெயினுக்கோ போகிற முக்கால் அங்குலம், ஒன்றரை அங்குலம் சாக்கெட் வெல்டைத்தான் (குழாயை ஒரு குழிக்குள் நுழைத்து வெளி மூலையில் மட்டும் போடும் ஃபில்லட் வெல்டு) சொல்வார்கள். பம்ப் அதிர அதிர அந்தச் சின்னக் கிளை ஆடும், ஃபில்லட் வெல்டின் ரூட்டில் களைப்பு விரிசல் தொடங்கும். அந்த வெல்டின் வடிவத்துக்கு எக்ஸ்ரே சரிப்படாது, யூடியும் கஷ்டம். டிபி அடித்தால் மேற்பரப்பு மட்டும்தான் தெரியும், விரிசலோ உள்ளிருந்து வருகிறது. ஆக, அதிகம் முறியும் ஜாயிண்ட்டுக்குத்தான் நம்மிடம் குறைந்த சோதனை. கிளைக்கு ஒரு சப்போர்ட் பிராக்கெட் போடுவது அங்கே ஆயிரம் ஃபிலிமைவிடப் பயன்படும்.

ஹைட்ரோ டெஸ்ட் தாங்கியதே, அப்புறம் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. வடிவமைப்பு அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கில் குறைந்தது பத்து நிமிடம் தண்ணீரை நிறுத்தி, கசிகிறதா என்று பார்ப்பதுதான் அது. பாதிச் சுவர் ஒட்டாத வெல்டும் அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கிவிடும்.

சோதிக்கிறவரின் உயிரும் இதில் ஒரு கணக்கு. 1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில், கேமராவிலிருந்து கழன்று விழுந்திருந்த இரிடியம் சோர்ஸை ஒரு வெல்டர் என்னவென்று தெரியாமல் எடுத்து, கால்சட்டையின் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். ஒரு காலை இழந்தார். ஷாட் முடிந்ததும் மீட்டரைக் கையில் பிடித்தபடி கேமரா வரை நடந்து, சோர்ஸ் உள்ளே திரும்பிவிட்டதா என்று பார்க்கும் அந்த அரை நிமிட வேலையைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும். யூடிக்கு மாற இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

ஒவ்வொரு ஃபிலிமின் ஓரத்திலும் ஈய எழுத்தில் லைன் நம்பர், ஜாயிண்ட் நம்பர், வெல்டர் நம்பர் இருக்கும். ரிப்பேர் செய்த ஜாயிண்ட் என்றால் கூடவே ஆர்1, மறுபடி ரிப்பேர் என்றால் ஆர்2. வேலை முடிந்து ஃபைல் கைமாறும்போது எல்லாரும் பார்ப்பது கடைசிப் பத்தியில் ‘பாஸ்’ இருக்கிறதா என்றுதான். ஆர்2 எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. பல இடங்களில் ஃபெயிலான பழைய ஃபிலிமைத் தூக்கிப்போட்டுவிட்டு நல்லதை மட்டும் ஒப்படைக்கிறார்கள், ஃபைல் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

பென்லிக்குப் பின், பிரான்சில் கட்டுமான காலத்து ரிப்பேர்ப் பதிவுகளைத் தேடி எடுத்து, எந்த உலையின் எந்த வெல்டு அன்று ரிப்பேர் ஆனது என்று பட்டியல் போட்டு, அவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து சோதித்தார்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய பெட்டிகளில் அந்தக் காகிதம் கிடைத்ததால் அது முடிந்தது.